ஓதத் தெரிந்த வீடு: கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) வாழ்வும் நம் பிள்ளைகளின் ஓதலும்

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

இன்று நம் தமிழகத்தின் ஒரு பெரிய ஆலிமுடைய வாழ்க்கையைச் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் என்னுடைய தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தவறு என்னுடையது என்பதால் இந்த மிம்பரில் சொல்வதற்குத் தயக்கம் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஸ்ரீரங்கம் பக்கம் குடியிருக்கும் ஒரு குடும்பத்துப் பையன் நம் மக்தபுக்கு வந்துகொண்டிருந்தான். ஒன்பது வயது இருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் தகப்பனாரின் வண்டியில் காவிரிப் பாலத்தைத் தாண்டி வருவான். யாஸீன் சூராவை அவன் ஓதினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். குரல் அப்படி. விருந்தினர் வந்தால் அவனைத்தான் ஓதச் சொல்வேன். மாஷா அல்லாஹ் என்று எல்லோரும் சொல்வார்கள். அவனை அப்படி ஆக்கிவிட்டேன் என்று எனக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை.

ஒருநாள் அவன் ஓதும்போது தற்செயலாக அவன் விரலைப் பார்த்தேன். வாய் ஒரு வரியில் இருந்தது, விரல் வேறொரு வரியில் இருந்தது. மனதில் ஏதோ உறுத்தியது. குர்ஆனை வாங்கி, அவனுக்குப் பழக்கமில்லாத ஒரு பக்கத்தைத் திருப்பி, நடுவில் ஒரு வார்த்தையில் விரலை வைத்து, இதைப் படி என்றேன். பையன் என் முகத்தைப் பார்த்தான், பக்கத்தைப் பார்த்தான், அழுதுவிட்டான். அவனுக்கு ஒரு எழுத்தும் கூட்டத் தெரியவில்லை. செல்போனில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறான். மாதக்கணக்கில் என் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியவில்லை.

தகப்பனாரை அழைத்துச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, தனக்கும் ஓதத் தெரியாது என்றும், இத்தனை வருடமும் தமிழ் எழுத்தில் அச்சிட்ட யாஸீன் புத்தகத்தை வைத்துத்தான் ஓதி வருவதாகவும் மெதுவாகச் சொன்னார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்போது நினைவுக்கு வந்தவர்கள்தான் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் ரஹ்மதுல்லாஹி அலைஹி அவர்கள்.

மாப்பிள்ளை என்ற பெயர் வந்தது எப்படி?

அவர்களுடைய இயற்பெயர் ஸய்யிது முஹம்மது. 1816ஆம் ஆண்டு காயல்பட்டினத்தில் பிறந்தார்கள். ஆலிம்களின் ஊர் என்று காயல்பட்டினத்துக்கு இன்றும் பெயர். சின்ன வயதிலேயே குடும்பம் கீழக்கரைக்கு வந்துவிட்டது.

கீழக்கரையும் சாதாரண ஊர் அல்ல. வள்ளல் சீதக்காதியின் ஊர். இமாம் ஸதகத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் 1703ல் மறையும் வரை கல்வி வழங்கிய ஊர். உமறுப் புலவருக்குச் சீறாப்புராணம் பாட நபிகளாரின் வரலாற்றை எடுத்துக் கொடுத்தவர்களோடு சேர்த்துப் பேசப்படுபவர்கள் அந்த அப்பா அவர்கள். அப்படிப்பட்ட மண்ணில் ஒரு சிறுவர் வளர்ந்தால் காதில் விழுவதெல்லாம் ஓதலாகத்தானே இருக்கும்!

அவர்களுக்கு வாய்த்த உஸ்தாத் தைக்கா சாஹிப் வலியுல்லாஹ் என்று அழைக்கப்படும் ஷைகு அப்துல் காதிர் (ரஹ்) அவர்கள். குர்ஆனை மனனம் செய்து, அரபு இலக்கணம், ஃபிக்ஹு, தஃப்ஸீர், ஹதீஸ் என்று ஒவ்வொன்றாகக் கற்றார்கள். மாணவரின் அறிவையும் ஒழுக்கத்தையும் பார்த்த உஸ்தாத் தன் மகளையே அவர்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தார்கள். ஊர் அவர்களை மாப்பிள்ளை லெப்பை என்று அழைக்கத் தொடங்கியது. பெரிய ஆலிமாக ஆன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. மாப்பிள்ளை என்பதற்கு அரபியில் அரூஸ். அதனால் அரபுலகத்துக்கு அவர்கள் இமாமுல் அரூஸ் ஆனார்கள்.

மாமனாருக்குப் பிறகு மத்ரஸாவின் பொறுப்பு அவர்கள் தோளுக்கு வந்தது. அரூஸிய்யா மத்ரஸா என்று அவர்கள் பெயராலேயே அது விளங்கியது. தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் மாணவர்கள் வந்து ஓதினார்கள். காதிரிய்யா தரீக்காவின் ஷைகாகவும் இருந்தார்கள், ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட மேதையாகவும் இருந்தார்கள். நம் திருச்சி ஜமாஅத்துகளில் பெரும்பாலோர் ஹனஃபி. இந்த விஷயத்தில் மத்ஹபு வேறுபாடு ஒன்றும் இல்லை. அலிஃப் எல்லோருக்கும் அலிஃப்தான்.

ஓதத் தெரியும், விளங்கத் தெரியாது

அந்தக் காலத்து நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் ஆணும் பெண்ணும் சின்ன வயதில் குர்ஆன் ஓதக் கற்றுவிடுவார்கள். லெப்பையிடமோ ஓதிக் கொடுக்கும் பெண்மணியிடமோ போய் எழுத்துக் கூட்டி ஓதக் கற்பார்கள். ஆனால் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள் குறைவு. பெண்களில் மிக மிகக் குறைவு. பேசும் மொழி தமிழ், படிக்கத் தெரிந்த எழுத்து அரபி. தொழுகையின் சட்டம், உளூவின் சட்டம், பெண்களுக்கான சுத்தத்தின் சட்டம் இவற்றையெல்லாம் அவர்கள் எப்படிப் படிப்பது? அரபிக் கிதாபைக் கொடுத்தால் வாசிக்கலாம், பொருள் விளங்காது. தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால் சொன்னால் விளங்கும், வாசிக்க முடியாது.

இந்தப் பூட்டுக்குச் சாவி அரபுத்தமிழ். அர்வி என்றும் சொல்வார்கள். மொழி தமிழ், எழுத்து அரபி. மாப்பிள்ளை ஆலிம் அவர்களுக்கு முன்பே அது வழக்கில் இருந்தது. அதைக் கையில் எடுத்துப் பெரிய நூல்களைத் தாங்கும் அளவுக்கு வளர்த்தவர்களில் முதன்மையானவர்கள் அவர்கள். மார்க்கச் சட்டத்தை விளக்கும் ஃபத்ஹுத் தய்யான் என்ற நூலும், அதற்கு விளக்கமாக மகானி என்று சுருக்கமாக அழைக்கப்படும் நூலும் அவர்கள் அரபுத்தமிழில் தந்தவை. ஃபத்ஹுத் தய்யான் பிற்காலத்தில் ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கப்பட்டு 1963ல் கொழும்பில் வெளிவந்தது. நபிகளாரின் புகழைப் பாடும் மின்ஹத்து ஸரந்தீப் என்ற அரபிக் கவிதை நூலும் அவர்களுடையதே. ஸரந்தீப் என்றால் இலங்கை.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவ்வளவு பெரிய அரபி மேதை. நினைத்திருந்தால் ஆலிம்களுக்கு மட்டும் விளங்கும் அரபியிலேயே எல்லாவற்றையும் எழுதிப் பெயர் வாங்கியிருக்கலாம். அவர்களோ அடுப்படியில் இருக்கும் பெண்மணியும், மக்தபிலிருந்து திரும்பும் பத்து வயதுப் பிள்ளையும் தாமே எடுத்து வாசிக்கும்படி எழுதினார்கள். ஓதக் கற்ற பிள்ளைக்கு அன்றே மார்க்கத்தின் வாசலும் திறந்துவிட்டது. குர்ஆன் ஓதக் கற்பதற்கும் வாழ்க்கைக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அவர்கள் இப்படித்தான் அடைத்தார்கள்.

புள்ளிக்கு ஒரு வரலாறு

அரபி எழுத்தில் தமிழை எழுதுவது அவ்வளவு எளிதா? அரபியில் 28 எழுத்துகள். அவற்றில் நம்முடைய ழ இல்லை, ள இல்லை, ண இல்லை, ட இல்லை. உதட்டை இறுக்கிச் சொல்லும் ப இல்லை. எ, ஒ என்ற உயிர் ஓசைகளும் இல்லை. நம் முன்னோர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இருக்கின்ற அரபி எழுத்துகளிலேயே மேலும் கீழும் புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்து 13 எழுத்துகளைப் புதிதாக உண்டாக்கினார்கள். பள்ளியில் ஓதிய பிள்ளைக்கு அந்த 13ஐ மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும். முழுத் தமிழும் கைக்கு வந்துவிடும்.

இந்தப் புள்ளி வைக்கும் வேலை நம் முன்னோர்கள் ஸஹாபாக்களின் மாணவர்களிடமிருந்து பெற்ற சுன்னத்தான வழி என்றே நான் நினைக்கிறேன். ஆரம்ப கால குர்ஆன் பிரதிகளில் இன்று நாம் பார்க்கும் ஸபர், ஸேர், பேஷ் எதுவும் கிடையாது. அரபிகளுக்கு அது தாய்மொழி என்பதால் குறி இல்லாமலேயே சரியாக ஓதினார்கள். இஸ்லாம் பரவி, அரபி பேசாதவர்கள் ஓத வந்தபோது தவறு வந்தது. ஒரே ஒரு அசையை மாற்றி ஓதியதால் பொருளே தலைகீழாக மாறியதைக் கேட்டுப் பதறிப்போன பஸ்ராவின் அறிஞர் அபுல் அஸ்வத் துஅலீ (ரஹ்), ஓர் எழுத்தரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்கள். வாயைத் திறந்து ஒலித்தால் எழுத்தின் மேலே ஒரு புள்ளி, கீழே இறக்கினால் கீழே ஒரு புள்ளி, உதட்டைக் குவித்தால் எழுத்தின் அருகில் ஒரு புள்ளி. எழுத்தின் நிறம் வேறு, புள்ளியின் நிறம் வேறு. அவர்கள் ஹிஜ்ரி 69ல் மறைந்தார்கள்.

பிறகு ஒரே வடிவில் இருக்கும் எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் புள்ளிகள் ஒழுங்குபடுத்தப்பட்டன. அடுத்த நூற்றாண்டில் அதே பஸ்ராவைச் சேர்ந்த இமாம் கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்), நிறப் புள்ளிகளுக்குப் பதிலாக இன்று நாம் ஓதும் குறிகளைத் தந்தார்கள். பேஷ் என்பது ஒரு சின்ன வாவ். ஸபர் என்பது படுத்திருக்கும் சின்ன அலிஃப். ஷத்து என்பது ஷீன் எழுத்தின் தலை. இனி உங்கள் பிள்ளையின் காயிதாவைத் திறக்கும்போது பாருங்கள். ஒவ்வொரு குறியும், அரபி தெரியாத நமக்காக ஒருவர் பட்ட கவலை.

இன்னொன்றும் சொல்கிறேன். அரபு நாட்டுச் செய்தித்தாளில் இந்தக் குறிகள் இருக்காது. படித்தவர்கள் குறி இல்லாமலே வாசிப்பார்கள். ஆனால் நம் அரபுத்தமிழ் நூல்களில் குறிகளைப் போட்டே எழுதினார்கள். காரணம், அவற்றை வாசிக்கப் போகிறவர் குர்ஆன் மட்டுமே ஓதிப் பழகிய பெண்மணி, சிறு பிள்ளை.

பிள்ளை எப்படிப் படிக்கிறது?

ஒரு குழந்தை அரபி படிக்கும்போது அதன் மூளையில் எத்தனை வேலை நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கண் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போக வேண்டும். பள்ளிக்கூடத்தில் தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலம் போகின்றன. பே, தே, ஃதே மூன்றுக்கும் ஒரே படகு. கீழே ஒரு புள்ளியா, மேலே இரண்டா, மேலே மூன்றா என்று பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும். அதே எழுத்து வார்த்தையின் தொடக்கத்தில் ஒரு வடிவம், நடுவில் ஒரு வடிவம், கடைசியில் ஒரு வடிவம். அலிஃப், தால், ஃதால், ரே, ஸே, வாவ் ஆகிய ஆறு மட்டும் அடுத்து வரும் எழுத்தோடு கை கோக்காது. பெரியவர்களுக்கே தலை சுற்றும். நாம் அந்தப் பிஞ்சைப் பார்த்து, இன்னும் இந்தப் பாடமா என்று கேட்கிறோம்.

ஆனால் தமிழ்ப் பிள்ளைக்கு அல்லாஹ் ஒரு வசதியையும் கொடுத்திருக்கிறான். இது என் அனுபவத்தில் கண்டது. க் உடன் அ சேர்ந்தால் க, இ சேர்ந்தால் கி, உ சேர்ந்தால் கு என்று அது ஏற்கனவே படித்திருக்கிறது. பே ஸபர் ப, பே ஸேர் பி, பே பேஷ் பு என்பதும் அதே கணக்குதான். குறில் நெடில் தெரிந்த பிள்ளைக்கு மத்து என்றால் என்ன என்று ஒரு நிமிடத்தில் விளங்க வைக்கலாம். மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளிதான் இங்கே ஸுகூன். தமிழில் எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளையிடம் இந்த ஒப்பீட்டைச் சொல்லும்போது அதன் முகத்தில் வருகிற வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும்.

பலர் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. எழுத்தின் பெயரை ஒப்பிப்பது வேறு, எழுத்தை வாசிப்பது வேறு. அலிஃபிலிருந்து யே வரை பாட்டாகப் பாடும் பிள்ளையிடம் நடுவிலிருந்து ஓர் எழுத்தைக் காட்டிக் கேளுங்கள். சொன்னால் தெரியும் என்று பொருள். இல்லையென்றால் அது இன்னும் பாட்டுதான். மனனம் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. குர்ஆன் முதலில் பாதுகாக்கப்பட்டதே நெஞ்சங்களில்தான். ஸ்ரீரங்கத்தில் நம் அக்கம்பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தங்கள் பாடசாலையில் ஆசிரியர் சொல்லச் சொல்லக் கேட்டு ஓதுவதை நாம் பார்க்கிறோம். காதால் கற்பது பழைய, நல்ல வழி. ஆனால் காதால் பத்து சூரா கற்ற பிள்ளைக்குப் பதினோராவது சூராவுக்கு இன்னொருவர் வாய் தேவை. கண்ணால் படிக்கக் கற்ற பிள்ளைக்கு 114 சூராவும் திறந்து கிடக்கின்றன.

தமிழ் எழுத்தில் ஓதினால் என்ன?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. அந்தத் தகப்பனாரைப் போல எத்தனையோ பேர் தமிழ் எழுத்தில் அச்சிட்டதை வைத்து ஓதுகிறார்கள். அவர்களின் ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் ஆபத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அரபியில் நமக்குக் க என்று கேட்கும் எழுத்துகளில் காஃப் இரண்டு. ஒன்று நாக்கின் அடிப்பகுதி உள்நாக்கைத் தொடும்போது கனமாகப் பிறப்பது. இன்னொன்று அதற்குச் சற்று முன்னால் மெலிதாகப் பிறப்பது. கனமான காஃபில் கல்பு என்றால் இதயம். மெலிந்த காஃபில் கல்பு என்றால் நாய். தமிழில் இரண்டையும் கல்பு என்றுதான் எழுத முடியும். ஸீன், ஸாத், ஃதே மூன்றுமே தமிழில் ஸ ஆகிவிடுகின்றன. இரண்டு ஹ-வும் ஒன்றாகிவிடுகின்றன. ஐன் என்ற எழுத்துக்குத் தமிழில் இடமே இல்லை.

மாப்பிள்ளை ஆலிம் அவர்களும் அவர்களுக்கு முன்னிருந்தவர்களும் செய்ததை இங்கே திருப்பி யோசியுங்கள். அவர்கள் தமிழை அரபி எழுத்துக்குக் கொண்டு போனார்கள். அப்போது ழகரம் கூடக் கெடாமல் இருக்க அதற்கென்று ஓர் எழுத்தை உண்டாக்கினார்கள். நாமோ அரபியைத் தமிழ் எழுத்துக்குக் கொண்டு வந்து, அல்லாஹ்வின் வசனத்தின் எழுத்துகளை ஒன்றோடொன்று கலக்கிறோம். பேச்சுத் தமிழுக்குக் கொடுத்த மரியாதையைக் குர்ஆனுக்குக் கொடுக்க வேண்டாமா?

கடல் தாண்டிய கவலை

இமாமுல் அரூஸ் அவர்கள் கீழக்கரையோடு நின்றுவிடவில்லை. இலங்கைக்குப் பலமுறை பயணம் செய்தார்கள். போர்த்துகீசியர் காலத்திலிருந்து நெருக்கடிகளைக் கண்ட சமுதாயம் அது. ஊர் ஊராகச் சென்று பள்ளிவாசல்களும் தைக்காக்களும் எழக் காரணமாக இருந்தார்கள். தென்னிலங்கையின் வெலிகமையில் 1884ல் தொடங்கிய மத்ரஸத்துல் பாரி அவர்களுடைய முயற்சியோடு சேர்த்துச் சொல்லப்படும் கல்விக்கூடம். இலங்கையின் மிகப் பழைய அரபிக் கல்லூரிகளில் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது.

அதே காலத்தில் கண்டியில் ஒரு வழக்கறிஞர் இருந்தார். முஹம்மது காசிம் சித்தி லெப்பை. 1882ல் முஸ்லிம் நேசன் என்ற பத்திரிகையைத் தொடங்கி, நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று ஓயாமல் எழுதியவர். கொழும்பு ஸாஹிராக் கல்லூரி உருவாக உழைத்தவர்களில் ஒருவர். ஒருவர் தலைப்பாகை கட்டிய ஆலிம், மற்றவர் நீதிமன்றத்தில் வாதாடியவர். வழி வேறு. கவலை ஒன்று: நம் வீட்டுப் பிள்ளைக்குப் படிக்கத் தெரிய வேண்டும். இருவரும் ஒரே ஆண்டில், 1898ல், மறைந்தார்கள். மாப்பிள்ளை ஆலிம் அவர்கள் ஹிஜ்ரி 1316 ரஜப் மாதத்தில் கீழக்கரையில் வஃபாத்தானார்கள். அங்கேயே அடக்கமாகியிருக்கிறார்கள். இன்னா லில்லாஹ்.

இந்தக் கவலை எங்கிருந்து தொடங்கியது தெரியுமா? பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் ஈட்டுத்தொகை கொடுக்க வசதியில்லாமல், எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக இருந்தவர்களுக்கு நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் விடுதலைக்கான விலையாகச் சொன்னது, மதீனாவின் பத்துப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பது. நேற்று வரை வாளெடுத்து எதிர்த்து நின்றவர் ஆசிரியர். பிள்ளைகளின் படிப்புக்கு நம் தலைவர் வைத்த விலை அது.

நம் வீட்டுக்கு வருவோம்

இன்று அரபுத்தமிழை வாசிக்கக் கூடியவர்கள் அருகிவிட்டார்கள். நம் பெண்கள் தமிழ் படித்தார்கள், ஆங்கிலம் படித்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், அது வளர்ச்சி. மார்க்க நூல்கள் நல்ல தமிழில் வந்துவிட்டன. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. வருத்தம் எங்கே என்றால், அந்தக் காலத்தில் வறுமையிலும் எல்லா வீட்டிலும் இருந்த குர்ஆன் ஓதும் கண், இன்று வசதியுள்ள வீட்டில் மங்கிக்கொண்டிருக்கிறது. நத்ஹர் வலி (ரஹ்) அடங்கியிருக்கும் இந்த ஊரில், பாலக்கரையிலும் காஜாமலையிலும் தெருவுக்குத் தெரு பாங்கு ஒலிக்கும் இந்த ஊரில், டியூஷனுக்கு நேரம் இருக்கிறது, மக்தபுக்கு நேரமில்லை என்று பெற்றோர்கள் சொல்கிறார்கள்.

சகோதரர்களே, பெரிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. நான்கு காரியங்கள் கேட்கிறேன்.

முதலாவது, இன்று வீட்டுக்குப் போனதும் குர்ஆனைத் திறந்து, பிள்ளைக்குப் பழக்கமில்லாத ஒரு பக்கத்தில் ஒரு வரியை வாசிக்கச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் திட்டாதீர்கள், அடிக்காதீர்கள். அதைக் கவனிக்காமல் விட்டது நாம்.

இரண்டாவது, ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும், ஆனால் தினமும் வேண்டும். வாரத்தில் ஒருநாள் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால் பிள்ளைக்கு வெறுப்புத்தான் மிஞ்சும்.

மூன்றாவது, செல்போனில் கேட்க வையுங்கள், நல்லதுதான். கேட்கும்போது பிள்ளையின் விரல் எழுத்தின் மேல் நடக்க வேண்டும். காதும் கண்ணும் விரலும் ஒன்றாகப் போனால் படிப்பு நிற்கும்.

நான்காவது, உங்களுக்கே ஓதத் தெரியாதென்றால் வெட்கப்படாமல் வாருங்கள். இஷாவுக்குப் பிறகு பெரியவர்களுக்கென்று தனியாக உட்காருகிறோம். கதவைச் சாத்திக்கொண்டுதான் ஓதுகிறோம், யாரும் பார்க்க மாட்டார்கள். திக்கித் திணறி ஓதுகிறவருக்கு இரண்டு கூலி உண்டு என்று நபிகளார் நற்செய்தி சொல்லியிருக்கிறார்கள். ஓதியதற்கு ஒன்று, பட்ட சிரமத்துக்கு ஒன்று.

இது மக்தபில் ஓதிக் கொடுக்கும் ஹழ்ரத்மார்களுக்கும், எனக்கும் சேர்த்து: பிள்ளையின் குரலில் மயங்காதீர்கள், விரலைப் பாருங்கள். முப்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் ஒரே குரலில் கத்த வைத்தால், ஓதத் தெரியாத பிள்ளை அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்ளும். அந்தப் பையன் என்னிடம் அப்படித்தான் ஒளிந்திருந்தான்.

அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாமல் முடித்தால் நன்றாக இருக்காது. அவனும் தகப்பனாரும் ஒரே நாளில் அலிஃபிலிருந்து தொடங்கினார்கள். மகன் மஃரிபுக்குப் பின், தகப்பன் இஷாவுக்குப் பின். முதல் இரண்டு மாதம் பையனுக்கு அவமானமாக இருந்தது. யாஸீன் ஓதியவனைப் பே ஸபர் ப என்று சொல்ல வைத்தால் யாருக்குத்தான் கஷ்டமாக இருக்காது? விருந்தினர் வந்தபோது அவனை ஓதச் சொல்வதை நிறுத்திவிட்டேன். மெல்ல மெல்ல எழுத்துகள் அவனுக்குப் பிடிபட்டன. ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து, அவன் அதுவரை கேட்டே இராத ஒரு பக்கத்தை என் முன்னால் தானாக வாசித்தான். இரண்டு இடத்தில் தவறு வந்தது, குரலும் தட்டுத் தடுமாறியது. முன்பு அவன் ஓதிய யாஸீனைவிட எனக்கு அந்தத் தடுமாற்றம் இனிமையாக இருந்தது. விரலும் வாயும் ஒரே எழுத்தில் இருந்தன.

தகப்பனார் இன்னும் காயிதாவின் கடைசிப் பாடங்களில்தான் இருக்கிறார். சில இரவுகளில் மகன் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குத் திருத்திக் கொடுக்கிறான். மாப்பிள்ளை ஆலிம் அவர்கள் ஆசைப்பட்ட வீடு அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் கண்களுக்கும் நாவுகளுக்கும் உன் வேதத்தை எளிதாக்குவாயாக! ஓதக் கற்காமல் வயதாகிவிட்டவர்களுக்கு வெட்கத்தை நீக்கி ஆர்வத்தைக் கொடுப்பாயாக! எழுத்துக்குப் புள்ளி வைத்தவர்கள் முதல், எங்கள் ஊர்களில் அலிஃப் சொல்லிக் கொடுத்துப் பெயர் தெரியாமல் மறைந்த லெப்பைமார்கள், ஓதிக் கொடுத்த பெண்மணிகள் வரை அனைவரின் கப்ருகளையும் ஒளியால் நிரப்புவாயாக! இமாமுல் அரூஸ் அவர்களின் அந்தஸ்தை உயர்த்துவாயாக! எங்கள் கவனக்குறைவை மன்னிப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.